மூன்றாம் அசைன்மெண்ட், நாலாம் கணக்கு

செக்காலை ரோட்டு ஜெராக்ஸ் கடையில்
சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பதரை வரை என் வேலை.
பக்கத்துக்கு ஒரு ரூபாய், முன்னும் பின்னும் ஒன்றரை.

வியாழக்கிழமை சிகப்பியின் நோட்டு வந்தது.
கொண்டுவந்தவன் முத்தரசு.
"ஆறு பக்கம், முப்பத்தெட்டு செட்.
காலையில சப்மிட் பண்ணணும், சீக்கிரம்டா அடைக்கலம்."
அவன் வகுப்புதான் என் வகுப்பும்.

வெளிச்சம் கண்ணாடிக்கடியில்
ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நகரும்போது
படிக்கக்கூடாது என்று முதலாளி சொன்னதில்லை.
ஐந்தாம் பக்கம், நாலாம் கணக்கு.
டெல்டா சமம் எப்சிலான் கீழ் கே.
கே பூஜ்யமாகவும் இருக்கலாம் என்று
கேள்வியிலேயே போட்டிருந்தது.
பூஜ்யத்தால் வகுத்திருக்கிறாள் சிகப்பி,
ஸ்கேல் வைத்து அடிக்கோடும் போட்டு.

முப்பத்தெட்டு முறை
அதே தப்பு சுடச்சுட வெளியே வந்து விழுந்தது.
சொல்லியிருக்கலாம்.
சொன்னால், "அப்ப நீ போட்டுட்டியா?" என்பான்.
நான் அப்போது
முதல் கணக்கின் முதல் வரியில் இருந்தேன்.

மை அப்பிக் கழித்த தாள்கள் பதினொன்று.
அவற்றின் வெறும் முதுகு என் சம்பளத்தில் சேராத சம்பளம்.
சைக்கிள் கேரியரில் செருகிக் கோட்டையூர் போய்ச் சேர்ந்தேன்.
பத்தரைக்குப் போன கரண்ட்
பன்னிரண்டுக்குத்தான் வந்தது.
இருட்டில் கே மட்டும் கூடவே உட்கார்ந்திருந்தது.

பூஜ்யமானால் தனியாக, ஆகாவிட்டால் தனியாக
என்று எழுதினேன். அடித்தேன்.
சரிதான், ஆனால் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி இருந்தது.
ஒன்றரை மணிக்குக்
கீழே ஒன்றைக் கூட்டினேன்.
கே கூட்டல் ஒன்று.
இனிமேல் நீ என்னவாகவும் இருந்துகொள் கே,
எனக்கு ஒரு பயமும் இல்லை.
செம்பு நிறையத் தண்ணீர் குடித்தேன்.
யாரையாவது எழுப்பலாம் போலிருந்தது.
எழுப்பி என்ன சொல்ல,
ஒன்றைக் கூட்டினேன் என்றா?

செவ்வாய்க்கிழமை ரெஜினா மேடம் தாள்களைக் கொடுத்தார்.
சிகப்பிக்கு எட்டு.
அவளை எடுத்தெழுதியவர்களுக்கும் எட்டு.
எனக்கு ஏழு.
நாலாம் கணக்கில் அந்த ஒன்றின் பக்கத்தில்
பேனா பின்பக்கம் தடம் விழுந்த சிவப்பு டிக்.
இரண்டாம் கணக்கில் ஒரு பெரிய வட்டம்:
எக்ஸ் ஸ்கொயருக்கு இல்லாத ஒரு குணத்தை
ஒன்றரைப் பக்கம் நிரூபித்து
"எனவே" என்று முடித்திருந்தேன்.

அன்று சாயங்காலம் சிகப்பியே கடைக்கு வந்தாள்.
"மிஷின்ல வச்சப்பவே பாத்துட்டியா?"
"பாத்தேன்."
"சொல்லியிருக்கலாம்ல."
"நோட்டுதான் வந்துச்சு. நீ வரலியே."

என் தாளை மிஷின் மூடிமேல் விரித்து
வட்டத்தில் விரலை வைத்தாள்.
"ஒவ்வொரு எக்ஸுக்கும் ஒரு டெல்டா தந்திருக்க, சரி.
எல்லாத்துக்கும் ஒரே டெல்டா, அது எங்க?"
அதற்குள் ஒருவர் ஆதார் அட்டை நீட்டினார்.
முன்னும் பின்னும்.
சில்லறை தேடும்போதுதான் உறைத்தது:
கானாடுகாத்தானில் அம்மா கூட்டிப் பெருக்கும் வீட்டுக்கு
ஒரே வளையத்தில் நாற்பத்தேழு சாவி.
வளையம் ஒன்று என்பதற்காகச்
சாவியும் ஒன்று என்று எழுதியிருக்கிறேன்.
எக்ஸ் தள்ளிப் போகப் போகப் பூட்டு நுணுகுகிறது,
முந்திய அறைச் சாவி அடுத்த அறைக்கு நுழையவில்லை.
அவரிடம் ஐம்பது பைசா கூடுதலாக வாங்கிவிட்டேன்.

அடுத்த வியாழன் முத்தரசு வெறுங்கையோடு வந்தான்.
சிகப்பி தரமாட்டேன் என்றாளாம்.
"உன் நோட்டையாவது குடுடா."
இன்னும் முடியவில்லை என்றேன்.
மெய்யாகவே முடியவில்லை.

நாலாவது அசைன்மெண்டில் அவளுக்கும் ஒன்பது, எனக்கும் ஒன்பது.
எனக்குப் போன அந்த ஒரு மார்க்கை
நான் "எனவே" என்று எழுதிய மூன்று இடங்களில்
இருவரும் தேடிக்கொண்டிருக்கிறோம்.
கடைக்கு ஆள் வராத நேரங்களில்.